ஜீனோம்: மரபணுத்தொகுதியா, மரபுத்தொகையா?

‘காட்டுப் பருத்தியின் ஜீனோம்’ என்று செய்தி வந்தால், உயிரின் மொத்த டிஎன்ஏவைக் குறிக்கும் அச்சொல்லைச் சிலர் மரபணுத்தொகுதி என்கிறார்கள், சிலர் மரபணுத்தொகை என்கிறார்கள். எனக்கு இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை.

சொல்லை ஆக்கியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர், ஆண்டு 1920. விந்து, முட்டை போன்ற பாலணுவில் ஒரு படி மட்டும் இருக்கும் குரோமோசோம் (டிஎன்ஏவைச் சுமக்கும் இழை) கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் அது. ‘ஜீன்’ தலையும் ‘குரோமோசோம்’ வாலும் ஒட்டியது என்பது வழக்கமான விளக்கம். ‘ரைசோம்’ போன்ற சொற்களின் ஈற்றைத் தாவரவியலார் முன்பே அறிவர், அதிலிருந்தே வந்திருக்கும் என்போரும் உண்டு.

இன்று உயிரின் மொத்த டிஎன்ஏவையும் ஜீனோம் என்கிறோம். ஆனால் பருத்தி, கோதுமை ஆய்வாளர்களிடம் விங்க்ளரின் பழைய பொருள் இன்னும் புழங்குகிறது. கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி, ஆர்போரியம் இனம். ‘ஏ’ ஜீனோம், செல்லில் இரு படியாக 26 குரோமோசோம்கள். தென் அமெரிக்காவின் பெரு என்ற நாட்டுக் காட்டுப் பருத்தி ரைமாண்டி ‘டி’ ஜீனோம், அதற்கும் 26. உலகச் சந்தையை ஆளும் அமெரிக்கப் பருத்திக்கோ 52. பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏ, டி வகை முன்னோர் கலந்ததில், ஒரே உட்கருவில் இரண்டு ஜீனோம் குடியேறின.

ஆக, எண்ணிச் சொல்லக்கூடிய சொல் வேண்டும். எட்டுத்தொகை என்று எண்ணிப் பழகிய நமக்கு ‘ஏ தொகை’, ‘டி தொகை’ இயல்பாக வரும். தொகுதி என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது.

சிக்கல், ‘மரபணு’ என்ற முன்பாதியில். ரைமாண்டியின் ஜீனோம் 2012இல் வெளியானது, ஆர்போரியத்தினுடையது 2014இல். இரண்டிலும் மரபணுக்கள் ஏறத்தாழ 40 ஆயிரம்தான். நீளத்திலோ ஆர்போரியம் சுமார் இரு மடங்கு. தம்மைத் தாமே நகலெடுத்துப் பரவிய டிஎன்ஏ துண்டுகளே அதைப் பெருக்கின. மரபணு அல்லாதது பாதிக்கும் மேல் இருப்பதை மரபணுத்தொகை என்பது வைக்கோல்போரை நெல் என்பதுபோல. என் ஓட்டு மரபுத்தொகைக்கு.

கூடவே, ஜீனோமைப் படித்தறிவதை (sequencing) ‘வரிசைப்படுத்தல்’ என்பதும் இடறுகிறது. டிஎன்ஏ எழுத்துகள் ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கின்றன. நாம் படிக்கிறோம், அவ்வளவே. வரிசையறிதல் என்றால் போதும்.

படித்து என்ன பயன்? அரிசோனா, வடமெக்சிகோவில் வளரும் தர்பெரி, நூற்கத்தக்க பஞ்சே தராத காட்டுப் பருத்திச்செடி. அதை ஆர்போரியத்தோடும் பிறகு அமெரிக்கப் பருத்தியோடும் கலந்தபோது இழை வலிமை கூடியது. இப்படிக் கலக்கும்போது வேண்டாத காட்டுக் குணங்களும் ஒட்டிக்கொள்ளும். கழித்தெடுக்கப் பல தலைமுறை பிடிக்கும். வரிசை கையில் இருந்தால், நாற்றிலேயே இலையைக் கிள்ளி, காட்டுத் துண்டு எங்கே, எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். அதற்கு உதவும் டிஎன்ஏ அடையாளக் குறிகளில் பலவும் மரபணுக்களுக்கு வெளியேதான் கிடக்கின்றன.