கிளையன்ட் லைப்ரரி: தமிழில் 'வாங்கி நிரலகம்'

வலைச் செயலியில் ஓர் ஊரின் பெயரைத் தட்டுகிறோம். வரைபடம் அந்த ஊருக்கு நகர்கிறது. பெயரை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித் தருவது எங்கோ இருக்கும் ஒரு வழங்கி, அதாவது சர்வர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவில் இப்படித் தேடித்தரும் மென்பொருள் நாமினாட்டிம். லத்தீனில் அதற்குப் 'பெயரால்' என்று பொருள். அந்த வழங்கியிடம் முறையாகக் கேட்டு, வரும் பதிலை நம் நிரலுக்குத் தோதாகப் பிரித்துக் கொடுக்கும் ஆயத்த நிரல்களின் தொகுப்புதான் கிளையன்ட் லைப்ரரி. பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் இதற்கு ஜியோபை என்பதைப் பயன்படுத்துவார்கள்.

கிளையன்ட் லைப்ரரி இல்லாமலும் கேட்கலாம், தடையில்லை. ஆனால் பெயரில் உள்ள இடைவெளியையும் தமிழ் எழுத்துகளையும் குறிமாற்றி இணைய முகவரியில் சேர்க்க வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவில் வரும் பதிலைப் பிரிக்க வேண்டும். அதில் அட்சரேகை எண்ணாக வராது, எழுத்துச்சரமாகத்தான் வரும். அதையும் மாற்றியாக வேண்டும். அப்புறம் சட்டதிட்டங்கள் வேறு: பொது நாமினாட்டிம் வழங்கியிடம் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது, கேட்கும் செயலி தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் கொடுக்காவிட்டால் ஜியோபை கேள்வியை அனுப்பாமலே பிழை காட்டி நின்றுவிடும். கேள்விகளுக்கு நடுவே இடைவெளி விட அதிலேயே ரேட்லிமிட்டர் என்றொரு வசதியும் உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'லிபெர்' என்றால் மரத்தின் உட்பட்டை. அதில் எழுதியதால் புத்தகத்துக்கும் அதே பெயர் வந்தது, நம் ஏடு என்ற சொல் பனையோலையிலிருந்து புத்தகத்துக்கு நகர்ந்ததுபோல. லைப்ரரி அந்த வேரிலிருந்து வந்தது. கணினிக்குள் அது நுழைந்த கதை இன்னும் சுவையானது. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்து, தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திருப்பி வைக்க வேண்டும். ஆக, அது நிஜமாகவே ஓர் இரவல் நூலகம். எட்சாக் குழுவின் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'துணைநிரல்களின் லைப்ரரி' இடம்பெற்றது.

கிளையன்ட் பழைய ரோமில் செல்வாக்குள்ள ஒருவரை அண்டி வாழ்ந்தவரைக் குறித்தது. பிறகு வக்கீலின் கட்சிக்காரர், கடையின் வாடிக்கையாளர் என்று விரிந்து, 1970-களில் கணினித்துறைக்கு வந்தபோது வழங்கியிடம் சேவை கேட்கும் நிரல் என்ற பொருளைப் பெற்றது.

இதை 'வாடிக்கையாளர் நூலகம்' என்று பெயர்த்து வைத்தால் படிப்பவர் பேரங்காடி திறந்த வாசகசாலையைத்தான் நினைப்பார். இங்கே வாடிக்கையாளரும் இல்லை, நூலும் இல்லை. சர்வருக்கு 'வழங்கி' என்ற சொல் நிலைத்துவிட்டது. அதற்கு இணையாக 'வாங்கி' என்பதே பொருந்தும். மண்வெட்டி, ஒலிவாங்கி போன்ற சொற்களில் செய்யும் பொருளைக் குறிக்கும் அதே இகர விகுதிதான் இதிலும் இருக்கிறது. தனியாக நின்றால் 'வாங்கு' என்ற வினையின் எச்சம் போலத் தோன்றும் என்பது ஒரு குறை. வழங்கிக்கும் அதே குறை உண்டு, பழகிவிட்டோம்.

லைப்ரரிக்கு 'நிரலகம்'. நிரல் என்றால் வரிசை. கணக்குப் பாடத்தில் அணியின் நெடுக்கு வரிசையும் நிரல்தான். கட்டளைகளின் வரிசை என்பதால் புரோகிராமுக்கும் அது பொருந்தியது. மருந்தகம், காப்பகம் போல 'அகம்' சேர்ந்தால் நிரல்கள் இருக்கும் இடம்.

ஏபிஐ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வழங்கி எப்படிக் கேட்டால் எப்படிப் பதில் தரும் என்ற வரையறை ஏபிஐ. அந்த வரையறைப்படி நமக்காகக் கேட்டு வருவது வாங்கி நிரலகம். ஆவணத்தில் எழுதும்போது முதல் இடத்தில் 'கிளையன்ட் லைப்ரரி எனப்படும் வாங்கி நிரலகம்' என்று சொல்லிவிட்டு, பிறகு நிரலகம் என்று மட்டும் எழுதினால் போதும். கேட்கும் செயலுக்கு 'வினவல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஜியோபை, நாமினாட்டிம் போன்ற பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். தேடுகிறவருக்குக் கிடைக்காமல் போய்விடும்.