ஒட்டாமல் நிற்கும் பலகை

நான் முதன்முதலில் செய்த மேசை ஐந்து மாதம்தான் முழுதாக இருந்தது. நவம்பர் அடைமழைக்கு நடுவே, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் வைத்துச் செய்தது. தேக்குப் பலகைகள் ஆறு, ஒவ்வொன்றும் 15 செ.மீ. அகலம். பக்கத்தோடு பக்கம் பசை தடவி இறுக்கியதில் 90 செ.மீ. அகலத்துக்கு மேல்பலகை கிடைத்தது. அது நெளிந்துவிடக் கூடாது என்று அடியில் குறுக்காக மூன்று கட்டைகளை வைத்து, வரிசையாக ஸ்குரூ முடுக்கினேன். அடுத்த ஏப்ரலில் நடுப்பலகை நீளவாக்கில் பிளந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம், அவ்வளவு இடைவெளி. பசை விட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் பசை போட்ட இடமெல்லாம் அப்படியே இருந்தது. பிளந்தது மரம்.

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகுவதும் இந்தப் பிளவும் ஒரே விஷயம்தான்.

மரம் என்பது நீளநீளமான நுண்குழாய்களின் கட்டு. குழாய்க்குள் வெற்றிடம், சுற்றிலும் சுவர். வெட்டிய புதிதில் மரத்தில் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் ஒன்று, சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் தண்ணீர் இன்னொன்று. காயும்போது முதலில் குழாய்த் தண்ணீர் போகிறது. அப்போது மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு சுவர்த் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

சுவருக்குள் என்ன நடக்கிறது? சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. இழைகள் பெரும்பாலும் குழாயின் நீளத்தை ஒட்டியே ஓடுகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அவற்றை விலக்கிவிடுகின்றன. இழையின் நீளத்தை அவற்றால் கூட்ட முடிவதில்லை. கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். இரண்டு கோரைகளுக்கு நடுவே எதையாவது செருகினால் பாய் அகலமாகும், கோரை நீளாது. மரமும் அப்படித்தான். 2 மீட்டர் உயரக் கதவு ஆண்டு முழுக்க நீளவாக்கில் 1 மி.மீ. கூட மாறுவதில்லை. அகலம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

காற்றில் ஈரம் ஏறினால் சுவர் அதை உறிஞ்சும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், மரத்தின் ஈரம் கிட்டத்தட்ட 8 சதவீதத்தில் வந்து நிற்கும். ஈரப்பதம் 80 சதவீதமானால் 15 சதவீதத்துக்கு ஏறும். நன்றாகக் காய்ந்த மரம் அசையாது என்று பலர் நம்புகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பழைய பர்மா தேக்குக் கதவுகூட ஒவ்வொரு ஐப்பசியிலும் கொஞ்சம் பருத்து, சித்திரையில் இளைக்கத்தான் செய்கிறது. வைரம் பாய்ந்த கட்டைக்கும் இதில் விலக்கு இல்லை.

எவ்வளவு பருக்கும் என்பது பலகையை மரத்திலிருந்து எப்படி அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பலகையின் தலைப்பைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் அகலத்தின் போக்கிலேயே படுத்திருந்தால் மாற்றம் அதிகம், நிமிர்ந்து நின்றால் குறைவு. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் இழுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். பச்சை மரம் முழுதாகக் காயும்போது, தேக்கு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், கதிரின் போக்கில் 2.5 சதவீதம்தான். தேக்கு இவ்வளவு மதிக்கப்படுவதில் இந்தச் சின்ன எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பல மரங்கள் இதைவிட அதிகமாகவே சுருங்குகின்றன.

இந்த இரண்டு திசைகளும் சமமாகச் சுருங்காததால்தான் பலகை குழிகிறது. படுத்த வளையம் உள்ள பலகை காயும்போது பட்டைப் பக்கம் அதிகம் சுருங்கி, அந்தப் பக்கம் குழிவாகிவிடும்.

சரி, என் மேசைக்கு வருவோம். வளையம் படுத்த தேக்கில் ஈரம் 15-லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் அகலம் சுமார் 1.3 சதவீதம் குறையும். 90 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 மி.மீ. வீட்டுக்குள் பலகை முழுதாக அந்த எல்லைக்குப் போகாது. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 6 மி.மீ. வருகிறது. அடியில் இருந்த குறுக்குக் கட்டைகளோ தங்கள் நீளவாக்கில் படுத்திருந்தன, அவை சுருங்கவே இல்லை. மேல்பலகை உள்ளே இழுத்தது, ஸ்குரூக்கள் விடவில்லை. நார்களைப் பக்கவாட்டில் பிரித்தெடுக்கப் பெரிய பலம் தேவையில்லை. விறகு நீளவாக்கில் எவ்வளவு எளிதாகப் பிளக்கிறது என்று பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சிக்கலுக்குத் தச்சர்கள் கண்ட விடை நம் எல்லோர் வீட்டிலும் தொங்குகிறது. அதுதான் பேனல் கதவு. 75 செ.மீ. கதவைப் பலகைகளை ஒட்டி ஒரே தகடாகச் செய்தால், அதே 1.3 சதவீதக் கணக்கில் அது கிட்டத்தட்ட 1 செ.மீ. வரை பருக்கும். நிலைக்குள் அடங்காது. பேனல் கதவில் இரண்டு பக்கமும் 10 செ.மீ. அகலத்தில் நிமிர்ந்த சட்டங்கள் இருக்கும். நடுவில் குறுக்குச் சட்டங்கள், கழுந்தும் துளையுமாகக் கோத்தவை. குறுக்குச் சட்டத்தின் நீளம்தான் கதவின் அகலத்தைத் தாங்குகிறது, நீளம் மாறாது என்பதைப் பார்த்துவிட்டோம். ஆக அகலத்தில் மாறக்கூடியவை அந்த நிமிர்ந்த சட்டங்கள் இரண்டும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 20 செ.மீ., மாற்றம் 2.6 மி.மீ.

நடுவில் இருக்கும் அகலமான பலகையோ சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளமான பள்ளத்துக்குள், சும்மா உட்கார்ந்திருக்கிறது. பசை கிடையாது, ஆணி கிடையாது. காடிக்குள் இரு பக்கமும் இடம் விட்டிருப்பார்கள். பலகை பருத்தாலும் இளைத்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் பேனலின் ஓரத்தில் வார்னிஷ் படாத வெளிர் கோடு ஒன்று தெரிந்தால், காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். கதவைக் கோப்பதற்கு முன்பே பேனலுக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் அந்தக் கோடு தெரியாது. இந்தப் பலகையைப் போல அழகான ஒரு யோசனையை நான் வேறு எந்த மரச்சாமானிலும் பார்த்ததில்லை. பசை போட்டு "பலமாக்க" நினைத்தால் அந்தக் கதவு என் மேசையைப் போலத்தான் ஆகும்.

பிளைவுட் இதே பிரச்சினையை வேறு வழியில் தீர்க்கிறது. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன் மேல் ஒன்று குறுக்குமறுக்காக ஒட்டுகிறார்கள். ஒரு தாள் பருக்க நினைக்கும் திசையில் அடுத்த தாளின் மாறாத நீளம் பிடித்து நிறுத்துகிறது. தாள் மெல்லியதாக இருப்பதால் பசை ஜெயிக்கிறது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகைகளில் இதைச் செய்தால் மரம் ஜெயித்துவிடும்.

மழையில் கதவு உரசுகிறது என்றால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். ஐப்பசியில் இழைத்துத் தள்ளிய 3 மி.மீ., சித்திரையில் சந்தாகத் தெரியும். முதலில் கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயின்ட்டே இருக்காது. சட்டங்களின் தலைப்பு அங்கேதான் திறந்திருக்கிறது. குழாய்களின் வாய் என்பதால் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் அங்கே ஏறும், குளியலறைக் கதவுகளின் அடிப்பக்கம் முதலில் கெடுவது இதனால்தான். மழை விட்டுக் காய்ந்த பிறகு அந்த இரண்டு விளிம்புகளுக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் ஈரத்தை முழுதாக நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். பல வீடுகளில் அதுவே போதும்.

பலகை வாங்கி வந்தவுடன் வேலையைத் தொடங்காமல், ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 560 கிராம் இருந்த துண்டு, 103 டிகிரி ஓவனில் (மின் அடுப்பில்) எடை குறைவது நிற்கும்வரை காய்ந்து 500 கிராமுக்கு வந்தால் ஈரம் 12 சதவீதம். ஓவன் இல்லையென்றால், பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, வாரம் ஒருமுறை ஒரே பலகையை நிறுத்து வாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமமாகிவிட்டது.

என் மேசையை அந்த ஏப்ரலிலேயே சரிசெய்தேன். ஸ்குரூக்களைக் கழற்றியதுமே பிளவு பாதிக்கு மேல் தானாகச் சேர்ந்துகொண்டது. பசை விட்டு, கிளாம்பு போட்டு ஒட்டினேன். அப்புறம் குறுக்குக் கட்டைகளில் நடுத்துளையை மட்டும் வட்டமாக விட்டுவிட்டு, மற்ற துளைகளை மேசையின் அகலவாக்கில் நீளமாக அறுத்து, வாஷர் வைத்து ஸ்குரூவை மெதுவாக முடுக்கினேன். நடு அசையாது, இரண்டு ஓரங்களும் நகரலாம். நகர்கிறதா என்று பார்க்க, கட்டை முடியும் இடத்தில் மேல்பலகையின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். டிசம்பரில் குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது அந்தக் கோடு கட்டையைத் தாண்டி 3 மி.மீ. போயிருந்தது. மறு ஓரத்திலும் அதே 3 மி.மீ.