சாசேஜ், தொத்திறைச்சி: சொல்லும் சத்தும்

அரைத்த இறைச்சியோடு கொழுப்பு, உப்பு, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, குழல் போன்ற உறைக்குள் அடைத்துச் செய்யும் உணவுக்குச் சாசேஜ் என்று பெயர். மாட்டிறைச்சியைக் கொண்டு செய்து, பதப்படுத்தி, புகையூட்டி, வேகவைத்த வகை 'ஸ்மோக்டு பீஃப் சாசேஜ்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, இதை உண்பதால் உடலுக்கு என்ன சேர்கிறது என்பவை வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் சொல்லின் வேரைத் தேடிப் போகிறவருக்கு இரண்டாம் கேள்வியின் விடையில் ஒரு பெரும்பகுதியும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இலத்தீன் மொழியில் 'சால்' என்றால் உப்பு, 'சால்சுஸ்' என்றால் உப்பிட்டது. இதிலிருந்து பிற்கால இலத்தீனில் 'சால்சீசியா' என்ற சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சாசேஜ் ஆயிற்று. சாஸ், சாலட், சலாமி ஆகிய சொற்களும் இதே வேரில் கிளைத்தவையே. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தச் சொல்லின் வேரில் இறைச்சி என்ற பொருளும் இல்லை, அடைத்தல் என்ற பொருளும் இல்லை. உப்பு மட்டுமே இருக்கிறது. குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் இறைச்சியைக் கெடாமல் காத்தது உப்பு என்பதால், செய்பவர்களுக்கு அதுவே இந்த உணவின் உயிராகப்பட்டது போலும்.

அந்த உப்பு இன்றும் குறையவில்லை. புகையூட்டிய மாட்டிறைச்சிச் சாசேஜில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம் சோடியம் உள்ளது, இது 2.75 கிராம் உப்புக்குச் சமம். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக, அதாவது உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த அளவில் பாதிக்கு மேல் இந்த 100 கிராமிலேயே வந்துவிடுகிறது. சுவைக்காகத்தானே உப்பு, அதைக் குறைத்துச் செய்தால் என்ன என்று கேட்கலாம். உப்பு, தசையிலுள்ள மயோசின் போன்ற புரதங்களைக் கரைத்து வெளிக்கொணர்கிறது. அப்புரதங்கள் நீரையும் கொழுப்பையும் பிடித்து வைத்து, வேகும்போது இறுகுகின்றன. உப்பை மிகவும் குறைத்தால் கொழுப்பும் நீரும் பிரிந்து வழிந்து, சாசேஜ் அதன் கட்டமைப்பையே இழந்துவிடும். அதனால்தான் உப்பு குறைந்த சாசேஜ் செய்வது உற்பத்தியாளர்களுக்கு எளிதான வேலையாக இருப்பதில்லை.

மற்றச் சத்துகளைப் பார்ப்போம். உற்பத்தி முறைக்கு ஏற்ப அளவுகள் மாறினாலும், 100 கிராமில் பொதுவாக 310 கிலோகலோரி ஆற்றல், 27 கிராம் கொழுப்பு, 14 கிராம் புரதம், 2 கிராம் அளவுக்கு மாவுச்சத்து ஆகியவை இருக்கும். கொழுப்பில் 11 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு. ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வருகிறது என்பதால், இதைப் புரத உணவு என்று எண்ணிக்கொள்வது சரியன்று. சமைத்த கொழுப்பற்ற மாட்டிறைச்சியில் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு புரதம் உண்டு. எனினும் இது வெறும் கொழுப்புப் பண்டமும் அன்று. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான 2.4 மைக்ரோகிராம் பி12 வைட்டமினில் பெரும்பகுதி இந்த 100 கிராமில் கிடைக்கிறது. துத்தநாகமும், உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்த இரும்பும் உண்டு. நார்ச்சத்து அநேகமாக இல்லை.

சாசேஜைக் குறிக்கும் மற்றோர் இலத்தீன் சொல் 'பொட்டுலுஸ்'. 'பொட்டுலிசம்' என்னும் கொடிய நச்சுநோயின் பெயர் இதிலிருந்தே வந்தது. ஜெர்மானிய மருத்துவர் யூஸ்டினுஸ் கெர்னர் 1820-களின் தொடக்கத்தில், கெட்டுப்போன சாசேஜை உண்டவர்களுக்கு ஏற்பட்ட தசைச் செயலிழப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்பது அந்நூற்றாண்டின் இறுதியில் தெரியவந்தது. இறைச்சியை இறுக்கி அடைத்த உறையின் உட்புறம் அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். அதைத் தடுக்கவே சோடியம் நைட்ரைட் சேர்க்கப்படுகிறது; சாசேஜின் இளஞ்சிவப்பு நிறமும் நைட்ரைட் தசை நிறமியோடு வினைபுரிவதால் வருவதே. ஆனால் அதே நைட்ரைட் இறைச்சியிலுள்ள சில பொருள்களோடு சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டவல்ல நைட்ரோசமைன்களை உருவாக்கலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு, உண்ணாதவரோடு ஒப்பிட, ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்று அது மதிப்பிட்டது. இந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் குறிப்பதே தவிர ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்று பொருள்கொள்வது பிழை. 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அத்தகைய பலவற்றில் செலரி என்னும் தண்டுக்கீரையின் பொடி சேர்க்கப்பட்டிருக்கும். அதன் வழியாக வருவதும் அதே நைட்ரைட்தான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அகராதிகளிலும் கலைக்களஞ்சியங்களிலும் பெருகிவரும் சொல் 'தொத்திறைச்சி'. தொத்து என்றால் கொத்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பது. இடையிடையே முறுக்கிய உறை, கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து தொங்கும் தோற்றத்தை அச்சொல் அழகாகப் பிடித்திருக்கிறது. மூலச்சொல் உப்பைக் கண்டது. தமிழ்ச்சொல் வடிவத்தைக் கண்டது. உப்பை முன்னிறுத்துவதென்றால் நம்மிடம் 'உப்புக்கண்டம்' உண்டு. ஆனால் அது உப்பிட்டு உலர்த்திய இறைச்சித் துண்டைக் குறிப்பதால், அரைத்து அடைத்த உணவுக்குப் பொருந்தாது. 'கொத்திறைச்சி' என்றாலோ கொத்திய இறைச்சி என்று மட்டுமே படும். ஆகவே தொத்திறைச்சியே தக்க சொல் என்பது என் முடிவு.

முழுப்பெயரை 'புகையூட்டிய மாட்டிறைச்சித் தொத்திறைச்சி' என்று எழுதினால் இறைச்சி இருமுறை வந்து நாவைத் தடுக்கிறது. 'புகையூட்டிய மாட்டுத் தொத்திறைச்சி' என்றாலே போதும். 'புகைத்த' என்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது சுருட்டுப் புகைப்பதை நினைவூட்டும். மேலும், எல்லாச் சாசேஜும் மரப்புகையில் வைக்கப்படுவதில்லை. சிலவற்றில் புகையைக் குளிர்வித்து எடுத்த திரவம் மட்டும் சேர்க்கப்படுகிறது. நேரடிப் புகையில் பென்சோபைரீன் போன்ற தீய சேர்மங்கள் படியலாம் என்பதால், புகையூட்டிய இறைச்சியில் பென்சோபைரீன் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்துள்ளது. எனவே மரப்புகையில் பக்குவம் செய்ததைப் 'புகையூட்டிய' என்றும், திரவம் சேர்த்ததைப் 'புகைமணம் சேர்த்த' என்றும் வேறுபடுத்தி எழுத வேண்டும்.