ஆர்டி 350-இன் ஆயில் பம்பைக் கழற்றாதீர்கள்

யமஹாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்டி 350-இல், இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது வண்டி இது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இன்ஜின் ஜாம் ஆகி, பின்சக்கரம் பூட்டி, ஓட்டிவந்த தம்பி வளைவில் விழுந்திருக்கிறார். முழங்கையில் தையல். பிளாக்கைக் கழற்றினால், பிஸ்டனின் சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்து, அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கிறது. ஆயில் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு.

காரணம் வழக்கமானதுதான்: "பம்ப் எப்ப வேணா காலை வாரும்ணே, பெட்ரோல்லயே ஆயில் கலந்துட்டா நிம்மதி."

எத்தனை முறை சொல்வது? இன்ஜினுக்குள் ஆயிலைத் தனியாக அனுப்பும் இந்த ஆட்டோலூப் பம்பைச் சுற்றுவது இன்ஜின். ஆக்ஸிலேட்டர் கேபிளின் ஒரு கிளை அதையும் இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை மூடினாலும் இன்ஜின் சுற்றும்வரை கொஞ்சமாவது ஆயில் போகும். கலந்து ஊற்றினால் கதை வேறு. இறக்கத்தில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு வருகிறீர்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோலோ பேருக்குத்தான் வருகிறது. அதில் கலந்த ஆயில் மட்டும் எங்கிருந்து வரும்? கூடுதலாகக் கலக்கவும் வேண்டாம். கார்புரேட்டர் ஜெட்டில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், பிஸ்டன் இன்னும் சூடாகும். ரேஸ்காரர்கள் கழற்றுகிறார்களே என்பார்கள். அவர்கள் அடிக்கடி இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பவர்கள். நீங்கள் அப்படியா?

யமஹாவின் முந்தைய பைக்கான ஆர்5-இல் ரீட் வால்வு (உள்ளே வந்த கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் தகடு) கிடையாது, ஐந்து கியர், முன்னால் டிரம். 1973-இல் வந்த ஆர்டி 350-க்கு ரீட் வால்வு, ஆறு கியர், முன் டிஸ்க், 347 சிசியில் 39 குதிரைத்திறன். இவ்வளவையும் மாற்றிய யமஹா ஆட்டோலூபை விடவில்லை. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை இந்தியாவில் ராஜ்தூத் 350 ஆக்கியபோது டிஸ்க் போய் டிரம் வந்தது, சக்தியும் குறைந்தது. பம்ப் அப்படியே இருந்தது.

பம்ப் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலும் ஆயில் டேங்க் காலியாகி, பிறகு ஊற்றியும் பம்புக்குள் புகுந்த காற்றை எடுக்காமல் ஓட்டியவைதான். வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டால் பம்பிலுள்ள குறி பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். இறக்கத்தில் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும், தம்பிகளா; பூட்டினால் உடனே பிடித்துவிடலாம்.

ஏற்கெனவே கழற்றியிருந்தால், அந்தப் பம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி, வண்டியோடு எடுத்துவாருங்கள்.