பொடுதலை தரையைப் பிடிக்கும் விதம்

ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆண்டு முழுதும் பச்சையாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோர் தேடிப் பறிப்பார்கள். தோட்டம் வைத்திருப்போர் பெரும்பாலும் களையென்று பிடுங்கிவிடுவார்கள். வெயில் விழும் வெற்றுத் தரையை மூட இதைவிடப் பொருத்தமான செடி நம் மண்ணில் அரிது என்றே கருதுகிறேன்.

இதன் வலிமை கணுவில் இருக்கிறது. தரையோடு ஓடும் தண்டின் கணு ஈரமண்ணைத் தொட்டதும், ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் தூண்டுதலால் வேர் இறங்குகிறது. அதே கணுவின் இலைக்கக்கத்திலிருந்து பக்கக்கிளையும் புறப்படுகிறது. இளங்கணுவுக்குத் தண்டின் வழியே நீரும் உணவும் வந்துகொண்டிருக்கும். வேர் ஊன்றிய பின் தண்டு அறுந்தாலும் இரு துண்டுகளும் தனிச் செடிகளாக வாழும் என்பதால், மிதிபட்டும் மேயப்பட்டும் இது அழிவதில்லை.

களை முளைப்பதை இது தடுக்கும் விதம் இன்னும் நுட்பமானது. பச்சையம் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்துள்ள தொலைச்சிவப்பைப் பெருமளவு கீழே விட்டுவிடுகிறது. பல களைகளின் விதைகளில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி உண்டு. சிவப்பு ஒளி பட்டால் அது முளைப்பைத் தூண்டுகிறது, தொலைச்சிவப்பு மிகுந்தால் அந்தத் தூண்டுதல் நின்றுவிடுகிறது. இம்மாற்றத்தை 1952-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் போர்த்விக்கும் ஹென்ட்ரிக்ஸும் அவர்களுடைய குழுவினரும் லெட்டூஸ் விதைகளில் நிறுவினர். ஆகவே இலைப்பரப்பின் அடியில் கிடக்கும் விதை, தலைக்குமேல் வேறொரு செடி இருப்பதை அறிந்து உறங்கிக் கிடக்கிறது. மண்ணின் பகல், இரவு வெப்ப வேறுபாடு குறைவதும் அந்த உறக்கத்தை நீட்டிக்கிறது. கோரைக்கு மட்டும் இது பொருந்தாது: அது கிழங்கிலிருந்து முளைப்பதால், முன்கூட்டியே தோண்டி எடுத்துவிட வேண்டும்.

இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை ஐப்பசி மழையில் ஓரடி இடைவெளியில் பதித்தால் போதும். நிழலில் தண்டு நீண்டு இலை அடர்த்தி குறையும். பூக்களைத் தேனீக்கள் மொய்ப்பதால் குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும் இடத்தைத் தவிர்க்கலாம். இதன் நெருங்கிய உறவான, தென் அமெரிக்காவின் ஃபைலா கேனசென்ஸ், ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிகளில் பரவி மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்திருக்கிறது. பாத்தியைத் தாண்டும் தண்டுகளை வேர் ஊன்றுமுன் நறுக்கி, நறுக்கியவற்றை ஈரத்தரையில் வீசாமல் வெயிலில் உலர்த்திவிட வேண்டும்.