"பிரிண்டர் ஓடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. பல இடங்களில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ டெபியனோதான் ஓடுகிறது. அப்டேட் போட்ட மறுநாள் பிரிண்டர் நின்றால், பழைய பதிப்பைப் போட்டு வேலையை முடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளைப் பராமரிப்பவருக்கு விஷயமே தெரியாது. அவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். நம்மிடம் இருக்கும் பிரிண்டர் அவரிடம் இருக்காது.

யாரிடம் சொல்வது? மென்பொருளை எழுதுபவர்கள் வேறு, அதை டெபியனுக்கென்று பேக்கேஜாகக் கட்டித் தருபவர்கள் வேறு. டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே திருத்தங்களைச் சேர்ப்பார்கள். எழுதியவர்களிடம் நேராகப் போனால், "புதுப் பதிப்பில் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் டிஸ்ட்ரோவிடமே, அதாவது டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையைத் தருபவர்களிடமே சொல்லுங்கள். டெபியனில் 'ரிப்போர்ட்பக்', உபுண்டுவில் 'உபுண்டு-பக்' என்ற கட்டளை இருக்கிறது. பதிப்பு எண்ணை அவையே சேர்த்துவிடும். ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவுக்கு பக்ஸில்லா என்ற இணையதளம். அதே பக்கை (மென்பொருள் பிழையை) ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

என்ன செய்தால் பிழை வருகிறது, கடைசியாக எந்தப் பதிப்பில் ஓடியது, இரண்டும் கட்டாயம் வேண்டும். எந்தத் தேதியில் எது மாறியது என்பது பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் (பதிவுக் கோப்பில்) இருக்கும். பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள், போனில் எடுத்த படம் தேடலில் சிக்காது. சிஸ்டம் தமிழில் இருந்தால், பிழை தரும் கட்டளையை மட்டும் ஆங்கிலத்தில் ஓட்டிச் செய்தியை எடுங்கள்.

நம் ஊரில் யாரும் கவனிக்காத ஒன்று லாகில் இருக்கும் பெயர்கள். பிரிண்டர் லாகில் ஊழியரின் பெயரும் ஃபைல் தலைப்பும் இருக்கலாம். டெபியனுக்குப் போகும் ரிப்போர்ட்டை, உங்கள் இமெயில் முகவரி உட்பட, உலகமே படிக்கலாம். துறைமுக ஏஜென்ட் அலுவலகத்தில் வாடிக்கையாளர் பெயர் இப்படி வெளியே போனால் யார் பதில் சொல்வது? படித்துப் பார்த்து, நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் போடவே கூடாது. பாதுகாப்புக் குழுவுக்குத் தனியே எழுதுங்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தொலைவிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்துத்தான் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் (xz) பேக்கேஜின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்திருந்த, ரகசியமாக உள்ளே நுழையவிடும் பின்கதவைக் கண்டுபிடித்தார். அவரும் முதலில் டிஸ்ட்ரோ பாதுகாப்புக் குழுக்களிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே அறிவித்தார்.

அவசரம் என்பதற்காக 'கிரிட்டிக்கல்' என்று குறிக்காதீர்கள். டெபியனில் அது முழு சிஸ்டத்தையும் குலைக்கிற, டேட்டாவை அழிக்கிற, பாதுகாப்பைத் திறந்துவிடுகிற பக்குகளுக்கு. அப்புறம், பராமரிப்பாளர் ஏதாவது கேட்டால் அவருக்கு மட்டும் பதில் போடாமல், உங்கள் ரிப்போர்ட்டுக்குக் கிடைத்த பக் எண்ணின் இமெயில் முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கள். அதே பிரிண்டர் வைத்திருக்கும் இன்னொருவர் அதைப் படிக்க முடியும்.