அகவிலைப்படி

"அகவிலைப்படி உயர்வு" என்று செய்தி வந்தால், அரசு ஊழியர்கள் சமாச்சாரம் என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். லேத் பட்டறை, அச்சகம், சின்ன ஓட்டல் நடத்துபவர்களையும் அது ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று தேடி வரும்.

விலைவாசி ஏறும்போது அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் தரும் தொகை இது. பேச்சில் டி.ஏ., அதாவது டியர்னஸ் அலவன்ஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசு ஊழியர்களுக்கு இது வந்தபோது பெயர் டியர் ஃபுட் அலவன்ஸ். சாப்பாட்டுச் சாமான் விலைக்கான ஈடு.

அந்தப் பழைய பொருளைத் தமிழ்ச்சொல் அப்படியே வைத்திருக்கிறது. அகவிலை என்றால் தானிய விலை. இதில் உள்ள 'அகம்' வீடோ மனமோ இல்லை. தானியத்துக்கு அஃகம் என்றும் பெயர் உண்டு; 'அஃகஞ் சுருக்கேல்' என்ற ஆத்திசூடி வரி, தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்கிறது. 'படி' அளவையையும் குறிக்கும், சாப்பாட்டுச் செலவுக்கென்று கொடுப்பதையும் குறிக்கும்.

பஞ்சப்படி, கிராக்கிப்படி என்றும் சொல்வதுண்டு. தெலுங்கின் 'கருவு பத்யம்', மலையாளத்தின் 'க்ஷாமபத்த' இரண்டிலும் பஞ்சம்தான் இருக்கிறது. கேட்க வேகமான சொல்தான்; ஆனால் வருடா வருடம் தருவதற்குப் பஞ்சம் என்று பெயர் வைப்பானேன்? அகவிலைப்படியே சரி.

இனி பட்டறைக் கணக்கு. குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படைச் சம்பளத்தை அரசு ஐந்தாண்டுக்குள் ஒருமுறை திருத்த வேண்டும். அகவிலைப்படி அப்படிக் காத்திருக்காது. தமிழ்நாட்டில் சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஆண்டுதோறும் மாறும். அதோடு போகாது: 500 ரூபாய் ஏறினால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் ஆளுக்கு முதலாளி பங்காக 60 ரூபாயும் 16 ரூபாய் 25 காசும் கூடும். போனஸ், ஓவர்டைம் தனி. ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியோ ஏப்ரல் 1 அன்று ஜாப் ஒர்க் ரேட்டை ஏற்றித் தருவதில்லை. சின்ன முதலாளிக்கு நெருக்கடி அங்கேதான். சம்பளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுக்கச் சக்தியில்லை என்ற வாதத்தைக் குறைந்தபட்ச ஊதிய விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே, கேரளத்தின் கூரை ஓடு தொழிற்சாலைகள் வழக்கில், ஏற்கவில்லை.

அப்புறம், உயர்வை 'சிறப்புப் படி' என்று வேறு பெயரில் எழுதி பி.எஃப். கணக்கிலிருந்து விலக்கும் வித்தை ஒன்று உண்டு. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் படிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அதற்கும் பி.எஃப். கட்ட வேண்டும் என்று 2019-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.